தண்ணீர் கேட்டு வந்த திருடர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு திருடர் வந்தார்.

முறையாகக் காலிங் பெல் அடித்துவிட்டுத்தான் வந்தார். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். கையில் ஒரு சீப்பு கதலிப்பழம். “வெறுங்கையோட வரக் கூடாதுல்லா” என்று மனைவியிடம் கொடுத்தார். காபி குடித்தார். சீனி கொஞ்சம் தூக்கல் என்று குறை சொன்னார். மழை, கரண்ட், பேரனின் படிப்பு என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, கடைசியாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

“ஒரு செம்பு தண்ணி கெடைக்குமா?”

நான் எழுந்தேன். மனைவியும் எழுந்தாள். ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவர இரண்டு பேர் எதற்கு? அதுதான் மரியாதை. இருவரும் அடுக்களையில் நின்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹாலில் ஜன்னல் பக்கமாக நாற்காலி நகர்ந்தது. லேசாக மண் உதிர்கிற சத்தம். பிறகு ஒரு சின்ன ‘ம்க்கும்’...

வேலை முடிந்தது என்று அர்த்தம்.

செம்பைச் சிங்க்கில் இரண்டு தட்டுத் தட்டி, நாங்கள் வருகிறோம் என்று தெரியப்படுத்திவிட்டு வெளியே வந்தேன். அவர் பழைய இடத்திலேயே உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பை புடைத்திருந்தது. தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “வாரேன் வே” என்று எழுந்தார்.

“பைய போங்க அண்ணாச்சி” என்று வழியனுப்பினேன்.

கதவைச் சாத்தியதும் நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். வீட்டில் பொருள் திருட்டுப் போனதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் பாளையங்கோட்டையில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. போனது தங்கமில்லை, வெள்ளியில்லை. கட்டைவிரல் அளவில் ஒரு செடிக்குட்டி.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்கள் சம்பந்தி கோமதியம்மாள் — மகளின் மாமியார் — மாஞ்சோலையில் வாழ்ந்தவர். அவருடைய கணவர் அங்கே தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து, காலமாகிவிட்டார். எஸ்டேட்டை மூடி எல்லோரும் மலையை விட்டு இறங்க வேண்டி வந்ததே, அப்போது கோமதியம்மாளும் இறங்கினார். கல்லிடைக்குறிச்சியில் வாடகைக்கு வீடு பிடித்தார். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் வேனில் வந்தன. ஒரு சின்ன மண்தொட்டி மட்டும் அவர் மடியில் வந்தது.

அந்தத் தொட்டியில்தான் இந்தச் செடி. கணவரின் ஆபீஸ் மேஜையில் வருடக்கணக்காக இருந்தது. பார்த்தால் கற்றாழையின் குழந்தை என்று நினைப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். கரும்பச்சை இலைகள், அவற்றில் குறுக்கும் குறுக்குமாக வெள்ளைக் கோடுகள்... யாரோ பொறுமையாகச் சுண்ணாம்பு தொட்டு வரைந்தது போல. நர்சரிக்காரர்கள் இதை ஹவோர்த்தியா என்கிறார்கள். கோமதியம்மாள் ‘சின்னக் கத்தாழை’ என்பார். எங்கள் அடுக்குமாடியில் ‘கோடு போட்ட செடி’.

ஒரே ஒரு இலைக்கு மட்டும் நுனி கிடையாது. அவர் கணவர் கை தவறி ஆபீஸ் முத்திரைக் கட்டையை அதன்மேல் போட்டுவிட்டாராம். “அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறே சரியாச் சாப்பிடல அவுக” என்று கோமதியம்மாள் சொல்லும்போது சிரிப்பார். ஆனால், சிரித்து முடித்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

எங்கள் மகளும் மாப்பிள்ளையும் புனேயில் இருக்கிறார்கள். கோமதியம்மாளைச் சில மாதம் தங்களோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். செடியை என்ன செய்வது? விமானத்தில் கொண்டுபோக அவருக்குப் பயம். கிளம்புவதற்கு முந்தின நாள் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். மடியில் தொட்டி.

“மதினி, இது ஒங்க வீட்டுல இருக்கட்டும். நேரா வெயில் படக் கூடாது, ஜன்னல் வெளிச்சம் போதும். மண்ணு அடி வரைக்கும் காஞ்ச பொறவு கொஞ்சமாத் தண்ணி. இலைக்கு நடுவுல தண்ணி நிக்கப்பிடாது, அழுகிரும்” என்று என் மனைவி வடிவிடம் சொன்னார். தொட்டியின் ஓரத்தை விரலால் தடவினார். “சுத்தி குட்டி கொள்ள இருக்கு... பிரிச்சிராதீய. அவுக பிரிக்க விடமாட்டாக.”

எங்கள் மகளுடையது பிள்ளைகள் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம். பெரியவர்கள் நாங்கள், ‘நல்லா இருக்கியளா’ என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. அப்படிப்பட்டவர் முதன்முதலாக எங்களை நம்பி ஒன்றைக் கொடுக்கிறார். அதுவும் எதை!

“இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் மதினி மொகத்துல எப்பிடி முழிப்பேன்?” என்றாள் வடிவு. இது முதல் நாள் சொன்னது. அன்றைக்கே நான் கவனமாகியிருக்க வேண்டும்.

ஹவோர்த்தியா வளர்ப்பது மிகவும் சுலபம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பது சுலபமா? நான் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். வாசலில் வந்து நிற்கிற கொரியர்காரரைக்கூட, “தண்ணி குடிக்கியளா?” என்று கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுவோம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு உயிர் வறண்ட மண்ணில் உட்கார்ந்திருந்தால் மனசு கேட்குமா? காலையில் செம்போடு ஜன்னல் பக்கம் போவேன். அடுக்களையிலிருந்து “ஏங்க!” என்று ஒரு சத்தம் வரும். திரும்பி வந்து அந்தத் தண்ணீரை நானே குடித்துவிடுவேன். அந்தச் செடியால் எனக்குச் சிறுநீரகக் கல் வராது என்பது நிச்சயம்.

கிழக்கு ஜன்னலில், திரைச்சீலை நிழலில் வைத்தோம். வெயில் நேராக விழுந்தால் இலை சிவந்து சுருங்கும். நிழலில் சுகமாக இருக்கும். இருந்தது. ஒரு குறையும் இல்லை. பேச்சியம்மாள் உறைமோர் கேட்டு வரும் வரைக்கும்.

பேச்சியம்மாள் எதிர்வீட்டுக்காரர். நல்ல மனுஷி. வடிவு உறைமோர் எடுக்க உள்ளே போனாள். நான் குளியலறையில் இருந்தேன். அவர் வாங்கிக்கொண்டு போன பிறகு பார்த்தால், தொட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். ஒரு குட்டியைக் காணோம்.

எனக்கு வந்ததே கோபம்! “இப்பமே போய்க் கேக்கேன்” என்று சட்டையை மாட்டினேன். வடிவு கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“கேட்டியன்னா பட்டுப்போவும்.”

“எது?”

“செடிதான். எடுத்தது தெரிஞ்சா தழைக்காதுல்லா?”

மணிப்பிளாண்ட்டைக் காசு கொடுத்து வாங்கினால் வராது, கேட்டு வாங்கினாலும் வராது, சொல்லாமல் எடுத்துவந்து வைத்தால்தான் தழைக்கும், தழைத்தால் வீட்டில் நினைத்தது நடக்கும் — இது உங்களுக்கும் தெரிந்ததுதான். உங்கள் வீட்டு மணிப்பிளாண்ட் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால், அந்தச் சட்டம் ஹவோர்த்தியாவுக்கும் செல்லும் என்று யார் சொன்னது?

“பட்டுப்போனாப் போவட்டும்” என்றேன்.

“அவ மவனுக்குப் பொண்ணு அமையணும்னுதான் எடுத்திருக்கா. நாளைக்கு அந்தப் பையன் கல்யாணம் நின்னு போச்சுன்னா நீங்க பொறுப்பு ஏத்துக்கிடுவியளா?”

ஒரு செடிக்குட்டியைக் கேட்டால் ஒரு பையனின் வாழ்க்கை போய்விடும். சட்டையைக் கழற்றினேன்.

அந்த வாரமே அந்தப் பையனுக்குப் பெண் அமைந்தது. சாத்தான்குளம் பக்கம். பல வருடமாக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த குடும்பம்! நான் அதைத் தற்செயல் என்றேன். என் பேச்சை யார் கேட்கிறார்கள்? பேச்சியம்மாள் ரகசியமாக ஒருவரிடம் மட்டும்தான் சொன்னாராம். அந்த ஒருவர் மாடிப்படியில் வைத்துச் சொல்லியிருக்கிறார். எங்கள் மாடிப்படியில் எதிரொலி அதிகம்.

பிறகு ஆரம்பித்தது வருகை.

வருடக்கணக்காக லிஃப்டில் பார்த்தும் பேசாதவர்கள்கூட ‘சும்மா பாத்துட்டுப் போலாம்னு’ வந்தார்கள். முறுக்கு கொண்டுவந்தார்கள். காய்கறி கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் ஜன்னலோர நாற்காலிதான் வேண்டும். எல்லோருக்கும் கடைசியில் தாகம் எடுத்தது. பேச்சியம்மாளின் புதுச் சம்பந்தி வீட்டார் சாத்தான்குளத்திலிருந்து பனங்கிழங்குக் கட்டோடு வந்தார்கள். அவர்களுக்கு எங்களை முன்பின் தெரியாது. தாகம் மட்டும் இருந்தது. சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஒரு விவசாயி வந்தார். வயலைச் சுற்றி ஆறு ஓடுகிற ஊர்க்காரர், எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்! அவர் விட்டுப்போன பூசணிக்காயை நாங்கள் ஒரு வாரம் சாப்பிட்டோம்.

மெல்ல மெல்ல இதற்கு ஒரு முறையே உண்டாகிவிட்டது. எடுக்கிறவர் செடியைப் பற்றிப் பேசக் கூடாது. வீட்டுக்காரர் திரும்பி வரும்போது சத்தம் எழுப்ப வேண்டும். தொட்டிப் பக்கம் பார்க்கக் கூடாது. முக்கியமாக, எடுத்தவர் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் தழைக்காது.

நீங்கள் கேட்பது புரிகிறது... ஒளித்து வைக்க வேண்டியதுதானே? வைத்தோமே! நிழலில் வாழ்கிற செடி என்பதால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் அல்லவா? படுக்கையறைக்குக் கொண்டுபோனோம். வந்தவர்கள், “ஒங்க ரூம்ல ஏசி எப்பிடிக் குளுருது, பாக்கலாமா?” என்று எழுந்தார்கள். குளியலறை வென்டிலேட்டர் திட்டில் வைத்தோம். அன்று முதல் வருகிறவர்களுக்கெல்லாம் அவசரம் வந்தது. பேசாமல் மறுபடியும் ஜன்னலிலேயே வைத்துவிட்டோம். அங்கே இருந்தால் தண்ணீரோடு முடிந்துவிடும்.

தண்ணீர் எடுக்கப் போகாமல் இருந்திருக்கலாமே என்பீர்கள். வீடு தேடி வந்தவர் தாகம் என்கிறார். இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு நாக்கு வரும்?

எடுத்துப் போனவர்களுக்கு வளர்க்கத் தெரிய வேண்டுமே! அதற்கும் என்னிடம்தான் வந்தார்கள். லிஃப்டில், காய்கறிக் கடையில், பல் டாக்டர் வீட்டு வரிசையில்.

“அண்ணாச்சி, ஒரு பேச்சுக்குக் கேக்கேன்... ஒருத்தர்ட்ட வேரில்லாத குட்டி ஒண்ணு இருக்குன்னு வைங்க...”

“ஒரு பேச்சுக்கு” என்று நானும் ஆரம்பிப்பேன். “ஒடனே நடக் கூடாது. ஒடிஞ்ச எடம் காயணும். நெழல்ல சும்மா போட்டுட்டு, காஞ்ச பொறவு மணல் கலந்த மண்ணுல வச்சா வேர் பிடிக்கும்.”

“ஒரு பேச்சுக்கு, தண்ணி?”

“ஒரு பேச்சுக்கு, ஊத்தாதீய. வேர் பிடிக்கட்டும்.”

என் வீட்டில் திருடியதை எப்படிப் பிழைக்க வைப்பது என்று திருடியவருக்கே வகுப்பு எடுத்தேன். எடுக்காவிட்டால் பிரித்த குட்டியும் செத்துப்போகுமே... அந்தப் பாவம் வேறு எதற்கு?

இதையெல்லாம் கண்டித்துப் பேசியவர் ஒரே ஒருவர்தான். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர், இரண்டாம் மாடி சங்கரலிங்கம் அண்ணாச்சி. ஓய்வுபெற்ற அதிகாரி. நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி கேமரா வைத்தவர் அவர்தான். சங்கக் கூட்டத்தில் எழுந்து, “படிச்சவங்க செய்யுத வேலையா வே இது? செடிய எடுத்தா மவளுக்கு டிரான்ஸ்பர் கெடைக்குமா, மவனுக்குப் பொண்ணு கெடைக்குமா?” என்று முழங்கினார். நான் மட்டும் கைதட்டினேன். மகளுக்கு டிரான்ஸ்பர் என்று அவராகவே ஏன் சொன்னார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் தொட்டியையே காணோம்.

குட்டிகள் ஒவ்வொன்றாகப் போய் முடிந்து, தாய்ச்செடி மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. கோமதியம்மாளின் செடி. நுனி ஒடிந்த இலையுள்ள செடி. நாங்கள் இருவரும் கீழே கேஸ் சிலிண்டருக்காகப் போய்விட்டு வந்த நேரத்தில், சாத்தி வைத்திருந்த கதவைத் திறந்து யாரோ தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை!

வடிவு அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். “குட்டியப் பிரிக்காதீயன்னு ஒரு வார்த்தைதான சொன்னாக... இப்பம் தாயும் போச்சே” என்றாள். அதுவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. மலையை விட்டு இறங்கும்போது ஒரு பெண் மடியில் வைத்துக் கொண்டுவந்ததை நாங்கள் முறுக்குக்கும் பூசணிக்காய்க்கும் விட்டுவிட்டோம்.

அன்று மாலையே மகளிடமிருந்து போன். “அப்பா, அத்தை வார புதன்கிழமை வாராங்க. நேரா நம்ம வீட்டுக்குத்தான். செடி எப்பிடி இருக்குன்னு கேக்காங்க.”

“அப்படியே இருக்கு” என்றேன். ஹவோர்த்தியாவைப் பற்றி யார் கேட்டாலும் அதுதானே பதில்?

கேமராவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும், “ஒங்க மாடி கேமரா மட்டும் அன்னைக்குப் பழுது வே” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன்.

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், சரியான நிழலில், எங்கள் தொட்டி. நுனி ஒடிந்த இலை தெளிவாகத் தெரிந்தது.

கேட்க முடியுமா? முடியாது. முறை இருக்கிறதே! எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன்.

“அண்ணாச்சி, ஒரு செம்பு தண்ணி...”

“இந்தா, இங்கனயே இருக்குல்லா” என்று டீப்பாயின் கீழே இருந்து ஒரு பெரிய ஃபிளாஸ்க்கையும் டம்ளரையும் எடுத்து வைத்தார். மனிதர் தயாராக இருந்திருக்கிறார்! ஒரு டம்ளர் குடித்தேன். இன்னொன்று கேட்டேன். ஊற்றிக் கொடுத்தார். ஃபிளாஸ்க் காலியாகும் வரைக்கும் குடித்தேன். அவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் நான்தான் அவசரமாக எழுந்து வீட்டுக்கு ஓடி வர வேண்டியிருந்தது.

மறுநாள் லிஃப்டில் அவரே பேச்சைத் தொடங்கினார். முகம் சுருங்கியிருந்தது.

“ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன் வே. ஒருத்தர் இருக்காரு. அவரு மவ கிருஷ்ணகிரிப் பக்கம் டீச்சரு. ரெண்டு சின்னப் பிள்ளைய இங்கன தாத்தா ஆச்சிட்ட விட்டுட்டு அங்கன தனியாக் கெடக்கா. ராவான போன்ல அந்தப் பிள்ளைங்க அம்மான்னு அழுதுட்டே தூங்குதுவ. அவருக்கு எந்த நம்பிக்கையும் கெடையாது. ஆனாலும்... எல்லாருக்கும் நடக்கே, நமக்கும் நடந்துரட்டுமேன்னு தோணாதா?”

எனக்குக் கோபமாக இருக்க வேண்டும் என்று ஆசைதான். வரவில்லை.

“தோணும் அண்ணாச்சி. ஆனா ஒரு பேச்சுக்கு... ஏன் தொட்டியோட?”

“குட்டி எல்லாம் தீந்து போச்சுல்லா” என்றார் பரிதாபமாக. “பெருசு மட்டுந்தான் இருந்துது.”

“அது எங்க சம்பந்தியம்மாவோடது. புதன்கெழம வாராங்க.”

லிஃப்ட் கீழே போய், யாரும் ஏறாமல், மறுபடியும் மேலே வந்தது. இருவரும் இறங்கவில்லை.

“குட்டி ஒண்ணு இருந்துருந்தா...” என்று கடைசியில் முனகினார்.

நான் வீட்டுக்குப் போய் வடிவிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். முகத்தைக் கழுவினாள். ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“பேச்சி அக்கா, கொஞ்சம் உறைமோர் கெடைக்குமா?”

பேச்சியம்மாள் அவளையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். மகனுக்குத்தான் நிச்சயமாகிவிட்டதே! “இரு, எடுத்தாரேன். நேரம் ஆவும்” என்று உள்ளே போய்க் கதவையும் சாத்திக்கொண்டாராம். எங்கள் குட்டி கிண்ணத்தில் திரும்பி வந்தது. உறைமோரை இருவரும் மறந்துவிட்டார்கள்.

அந்தக் குட்டியை ஒரு சின்ன டப்பாவில் வைத்து ஜன்னலில், தூண்டில் புழு மாதிரி, தெரியும்படி வைத்தோம். வெறும் கையில் எடுத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்காதீர்கள். கொடுத்தால் தழைக்காது. அந்தப் பிள்ளைகள் அம்மாவுக்காக அழுகிற விஷயத்தில் நான் எப்படி ரிஸ்க் எடுப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங் பெல் அடித்தது. கதலிப்பழத்தோடு வந்த திருடர் யார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

மறுநாள் மாலை நானும் வடிவும் அவர் வீட்டுக்குப் போனோம். முறைப்படி பழம் கொண்டுபோனோம். காபி குடித்தோம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “தண்ணி வேணும்லா? இந்தா வாரேன்” என்று அவர் எழுந்தார். மனைவியையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். ஃபிளாஸ்க் எங்கேயும் இல்லை.

வடிவு தொட்டியைத் தூக்கிப் பையில் வைத்துவிட்டாள். ஆனால், உள்ளே போனவர்கள் வரவில்லை. காத்திருந்தோம். உள்ளேயிருந்து அந்தம்மாவின் குரல் கேட்டது.

“இன்னும் எடுக்கலியா அவுக? அடுப்புல பால் கெடக்கு.”

“சும்மா இருட்டி. கேக்கப் போவுது.”

நான் ‘ம்க்கும்’ என்று கனைத்தேன். என் வாழ்க்கையின் முதல் கனைப்பு அது. நன்றாகவே வந்தது.

புதன்கிழமை மாலை கோமதியம்மாள் வந்தார். புனேயிலிருந்து கொண்டுவந்த பலகாரத்தைக் கொடுத்துவிட்டு நேராக ஜன்னலுக்குத்தான் போனார். நுனி ஒடிந்த இலையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். செடியைச் சுற்றிலும் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

“குட்டிய எங்க மதினி?”

பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தோம். பூச்சி விழுந்தது, எலி தின்றது என்று நான் இரண்டு மூன்று யோசித்து வைத்திருந்தேன். ஆனால், வடிவு அவர் முகத்தைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள். உறைமோரில் ஆரம்பித்து ஃபிளாஸ்க் வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோமதியம்மாள் ஒரு பள்ளத்தை விரலால் மண் தள்ளி மூடினார்.

“எங்கன எங்கன இருக்கு இப்பம்?” என்று கேட்டார்.

“மேல் மாடியில இருக்கு. கீழ இருக்கு. சாத்தான்குளத்துல ஒண்ணு, சீவலப்பேரியில ஒண்ணு...” என்றாள் வடிவு.

“பொழச்சிக்கிட்டா எல்லாம்?”

“எல்லாம் வேர் பிடிச்சிட்டு மதினி. இவுகதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாக.”

கோமதியம்மாள் தலையை ஆட்டினார். “மலையில எல்லாரும் ஒரே லைன் வீட்டுல இருந்தோம். இப்பம் ஆளுக்கொரு ஊரு. இதுவளாவது போன எடத்துல பொழச்சிக்கிட்டே” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டவர், என்ன நினைத்தாரோ, திடீரென்று சிரித்தார். “அவுகளும் இத யாரு மேசையில இருந்து எடுத்தாகன்னு கடைசி வரைக்கும் என்ட்ட சொல்லல.”

வடிவுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்த் தொட்டியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். கோமதியம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஐயோ, கையில குடுக்காதீய மதினி. எடத்துலயே வைங்க.”

வைத்தாள். அவர் ஜன்னலோர நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தார். பையின் ஜிப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒரு செம்பு தண்ணி கெடைக்குமா?”

வடிவு உள்ளே போனாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“அண்ணே, நீங்களுந்தான்” என்றார்.

அடுக்களையில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். வடிவு அழுதுகொண்டே சிரித்தாள். நாங்கள் தண்ணீரோடு திரும்பியபோது ஜன்னலில் தொட்டி இருந்த வட்டம் மட்டும் இருந்தது. பையின் ஜிப் மூடியிருந்தது. அவர் செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, “தொட்டி மறுபடி நெறஞ்ச பொறவு கல்லிடைக்குறிச்சிக்கு வாங்க. காபி குடிக்கலாம்... எனக்கும் ஒங்களுக்குத் தண்ணி எடுத்துத்தர வேண்டியிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நேற்றுக் காலை லிஃப்டில் சங்கரலிங்கம் அண்ணாச்சி. டிரான்ஸ்பர் உத்தரவு இன்னும் வரவில்லையாம்; குட்டி மட்டும் வேர் விடுகிற மாதிரி தெரிகிறதாம் — ஒரு பேச்சுக்குத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“புதன்கெழம சாயந்திரம் ஒரு அம்மா பைய நெஞ்சோட அணைச்சிக்கிட்டு ஒங்க வீட்டுல இருந்து எறங்கிப் போச்சு. கேமராவுல அம்புட்டும் விழுந்திருக்கு.”

நான் லிஃப்ட் பொத்தானைப் பார்த்தேன்.

“அழிச்சிட்டேன் வே.”

நன்றி என்று வாய் வரைக்கும் வந்தது. சட்டென்று மூடிக்கொண்டேன். சொன்னால் தழைக்காதே!